மதர்போர்டு போய்விட்டதா? பழைய லேப்டாப்பில் அறிகுறி வாரியாகப் பழுது கண்டறியும் வழி

"போர்டு போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்" என்ற தீர்ப்போடு என் மேசைக்கு வரும் பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றின் போர்டில் ஒரு குறையும் இருப்பதில்லை. அடாப்டர் வயர் உறைக்குள் அறுந்திருக்கும்; ரேம் சரியாக உட்காராமல் இருக்கும்; நாணய அளவுள்ள ஒரு பேட்டரி தீர்ந்து போயிருக்கும். எல்லாப் பாகங்களும் மதர்போர்டில்தான் வந்து சேர்கின்றன என்பதால், எது கெட்டாலும் பழி அதன்மேல் விழுகிறது. ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வோம், போர்டைக் கடைசியில் சந்தேகிப்போம். உங்கள் லேப்டாப் காட்டும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

## திறப்பதற்கு முன்

லேப்டாப் எப்போதாவது ஒரு முறை எழுந்து ஓடுகிறது என்றால், பழுது பார்ப்பதைத் தள்ளிவைத்துவிட்டுக் கோப்புகளை வெளியே நகலெடுங்கள். அடுத்த முறை எழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

விண்டோஸ் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயக்கத்தில் இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். டிஸ்க்கைத் திறக்கும் சாவி மதர்போர்டிலுள்ள பாதுகாப்புச் சிப்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. போர்டு செத்த பிறகு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், அந்த எண் இல்லாமல் ஒரு படம்கூடத் திறக்காது. டிஸ்க் நல்ல நிலையில் கையில் இருந்தும், உள்ளிருப்பதை எடுக்க வழியில்லாமல் கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். போர்டை மாற்றிவிடலாம், அந்த எண்ணை வேறு எவராலும் தர முடியாது.

தேவையான கருவிகள் குறைவுதான்: சிறிய நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், மூடியை நெம்ப ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர், 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ரேம் துண்டையும், வெளியே இணைக்க ஒரு திரையையும் இரவல் வாங்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

திறக்கும்போது ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். மூடியைக் கழற்றியதும் கை முதலில் பேட்டரி கனெக்டருக்குப் போக வேண்டும். அதைப் பிரித்த பிறகுதான் மற்ற எதையும் தொடலாம். பேட்டரி இணைந்திருக்கும்போது திரை கேபிளை உருவினால், திரைக்கு ஒளி தரும் மின்பாதையில் இருக்கும் ஃபியூஸ் போய்விடக்கூடும். இல்லாத பழுதை நாமே உண்டாக்கிக் கொள்வது இப்படித்தான்.

## அசைவே இல்லை: விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை

### அடாப்டரில் தொடங்குங்கள்

வேறு பிளக்கில் சொருகிப் பாருங்கள். பிறகு அடாப்டரின் முனையை மல்டிமீட்டரால் அளக்கவும். அடாப்டரின் முதுகில் 19 அல்லது 19.5 அல்லது 20 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். மீட்டர் அதற்கு மிக அருகில் காட்ட வேண்டும். முனையின் நடுவே ஊசி போன்ற மெல்லிய கம்பி இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது மின்சாரத்துக்கானது அல்ல. அடாப்டர் எந்த வகை என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்கானது. உள்சுவர் நேர்முனை, வெளிச்சுவர் எதிர்முனை.

மீட்டரைப் பார்த்தபடியே வயரை இரு முனைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் அறுந்த வயர் அகப்பட்டுவிட்டது.

யு.எஸ்.பி. சி வகை சார்ஜரை இப்படி அளக்க முடியாது. எதிரே கருவி இருப்பதை உணர்ந்த பிறகுதான் அது மின்சாரத்தைத் திறக்கும். தனியாக அளந்தால் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். அதே வாட் அளவுள்ள வேறொரு சார்ஜரை மாட்டிப் பார்ப்பதே இதற்கு வழி.

### அடாப்டர் நன்றாக இருக்கிறது, லேப்டாப் எழவில்லை

அடாப்டர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் மாட்டி இயக்குங்கள். மின்சாரத்தைக் கவனித்துக்கொள்ளும் சிறு சிப் குழம்பிப்போய் நிற்கும் லேப்டாப்கள் பல இந்த ஒரு செயலிலேயே எழுந்துவிடும். பேட்டரியைக் கழற்ற முடியாத சில மாடல்களில், அடிப்பக்கம் குண்டூசி நுழையும் அளவில் ஒரு ரீசெட் துளை இருக்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

எழவில்லையா? திறந்து, இந்த வரிசையில் போங்கள்.

நாணய வடிவ பேட்டரியை அளக்கவும். பெரும்பாலும் சி.ஆர்.2032 வகை, 3 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 2.7க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். சில பழைய லேப்டாப்கள் இது தீர்ந்துபோனாலே எழ மறுக்கும்.

பவர் பொத்தான் பெரும்பாலும் தனிச் சிறு போர்டில் இருக்கும். அங்கிருந்து ஒரு ரிப்பன் கேபிள் வரும். கேபிளைக் கழற்றி, நேராக வைத்துத் திரும்ப மாட்டிப் பூட்டை அழுத்துங்கள். கோணலாக மாட்டிய ரிப்பனால் செத்ததாகக் கருதப்பட்ட லேப்டாப்கள் ஏராளம்.

அடுத்து, போர்டில் தொங்கும் பாகங்களைக் குறையுங்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், வைஃபை கார்டு, யு.எஸ்.பி. துளைகள் உள்ள சிறு போர்டு ஆகிய எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, ஒரே ஒரு ரேமோடு இயக்குங்கள். இப்போது எழுந்தால், ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் படுக்கிறதோ அதுதான் குற்றவாளி.

### சொருகியதும் அடாப்டரின் விளக்கு அணைந்துவிடுகிறது

இது ஷார்ட் சர்க்யூட்டின் அடையாளம். ஆனால் ஷார்ட் என்றதும் போர்டு என்று முடிவு கட்ட வேண்டாம். பல லேப்டாப்களில் சார்ஜர் நுழையும் ஜாக் ஒரு சிறு வயரோடு தனியாக இருக்கும். அந்த வயரை போர்டிலிருந்து பிரித்துவிட்டு, ஜாக்கில் அடாப்டரைச் சொருகுங்கள். விளக்கு இப்போதும் அணைந்தால் கோளாறு ஜாக்கில். அதை மட்டும் மாற்றினால் போதும், வேலை எளிது. விளக்கு நிலையாக எரிந்தால் ஷார்ட் போர்டில்தான்.

உங்கள் வேலை இங்கே முடிகிறது. பெரும்பாலும் எள்ளளவே உள்ள ஒரு கெப்பாசிட்டரோ, மின்சாரம் நுழையும் வழியைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற பாகமோதான் பழுதாகியிருக்கும். பவர் சப்ளையும் வெப்பக் கேமராவும் வைத்து, போர்டிலுள்ள சிறு பாகங்களையே தனித்தனியாக மாற்றும் சிப் நிலைத் தொழில்நுட்பர் அதைக் கண்டுபிடித்து மாற்றிவிடுவார். "விளக்கு அணைகிறதே" என்று அடாப்டரைத் திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காதீர்கள்; சிறிதாக இருக்கும் சேதம் பக்கத்துச் சிப்புக்கும் பரவலாம்.

## விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

அதிகம் பேர் தவறான முடிவுக்கு வரும் இடம் இது.

### முதலில் டார்ச்

அறையை இருட்டாக்கி, திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடித்து உற்றுப் பாருங்கள். எழுத்துகளோ நிறுவனச் சின்னமோ மங்கலாகத் தெரிந்தால் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திரைக்குப் பின்னாலுள்ள ஒளி மட்டும் வரவில்லை. திரை, அதன் கேபிள், போர்டிலுள்ள சிறு ஃபியூஸ் ஆகியவற்றை இதே வரிசையில் சந்தேகியுங்கள்.

### பிறகு வெளித்திரை

எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. வழியாக வேறொரு திரையை இணையுங்கள். அங்கே படம் வந்தால் போர்டு தப்பித்தது. மூடியைத் திறந்து மூடும் கோணத்துக்கு ஏற்பப் படம் வந்து போனால், கீல் வழியாக ஓடும் திரை கேபிள் தேய்ந்திருக்கிறது. டெல் லேப்டாப் வைத்திருப்பவர்கள், அணைத்த நிலையில் 'டி' விசையை அழுத்திக்கொண்டே பவர் பொத்தானை அழுத்தினால், மாடல் அதற்கு இடம் கொடுத்தால், திரை தன்னைத்தானே சோதித்துச் சிவப்பு, பச்சை, நீலம் என நிறங்களை மாற்றிக் காட்டும். நிறங்கள் சுத்தமாக வந்தால் திரையில் குறை இல்லை.

### இரு திரையிலும் ஒன்றுமில்லை: ரேம்

ரேமைக் கழற்றுங்கள். பக்கவாட்டிலுள்ள இரு கொக்கிகளை விலக்கினால் துண்டு தானாகச் சாய்ந்து எழும். தங்க நிறத் தொடுமுனைகளை ஆல்கஹால் தோய்த்த துணியால் இருபுறமும் துடையுங்கள். துளைக்குள் தூசி இருந்தால் ஊதி எடுக்காமல் மென்மையான தூரிகையால் எடுங்கள். வாயால் ஊதினால் ஈரம் போய்ச் சேரும். திரும்ப மாட்டும்போது சாய்வாக நுழைத்து, தங்கக்கோடு வெளியே தெரியாத அளவுக்குத் தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இரு கொக்கிகளும் "டிக்" என்று பூட்ட வேண்டும். தங்கக்கோட்டின் பாதி வெளியே தெரிய மாட்டிய ரேமும் கொக்கியில் பூட்டிக்கொள்ளும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

இரண்டு துண்டுகள் இருந்தால் ஒன்றை மட்டும் ஒரு துளையில் வைத்து இயக்குங்கள். பிறகு அதே துண்டை அடுத்த துளையில். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடமாவது காத்திருங்கள். ஒரு துளையில் எந்தத் துண்டை வைத்தாலும் எழவில்லை, மற்றதில் எழுகிறது என்றால் அந்தத் துளை போய்விட்டது. அதைக் காலியாக விட்டு, மற்றதில் பெரிய ரேம் ஒன்றைப் போட்டு இன்னும் பல காலம் ஓட்டலாம். அதற்காக போர்டை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

இரவல் ரேம் போடும்போது வகையைப் பாருங்கள். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 நுழையாது. டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் சாதாரண டிடிஆர்3 நுழைந்துவிடும், ஆனால் ஓடாது. அதைப் பார்த்து போர்டு செத்தது என்று முடிவெடுத்துவிடக் கூடாது.

### சிமிட்டலை எண்ணுங்கள்

எச்.பி. லேப்டாப்களில் கேப்ஸ் லாக் விளக்கும், டெல்லில் பேட்டரி விளக்கும் பழுதைச் சிமிட்டிச் சொல்லும். பல டெல் மாடல்களில் ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ரேம் தென்படவில்லை. 2, 7 என்றால் திரைக் கோளாறு. 2, 1 என்றால் செயலி (பிராசசர்). உங்கள் மாடலின் சேவைக் கையேட்டில் முழுப் பட்டியல் இருக்கும். கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு எண்ணினால் தவறு வராது.

### பயாஸ் புதுப்பித்தபின் வந்த கறுப்புத் திரையா?

போர்டு சாகவில்லை, கணினியை எழுப்பும் பயாஸ் என்ற அதிலுள்ள நிரல் சிதைந்திருக்கிறது. எச்.பி.யில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும், டெல்லில் கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி இயக்கினால், வசதி உள்ள மாடல்களில் மீட்புமுறை தொடங்கும். தொடங்கவில்லை என்றால் எட்டுக் கால் கொண்ட பயாஸ் சிப்பைத் தனிக் கருவியில் எழுத வேண்டும். 3.3 வோல்ட் சிப்பும் 1.8 வோல்ட் சிப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்த வேறுபாடு தெரியாதவர் கை வைக்க வேண்டாம்.

## திரையில் கோடுகள், கட்டங்கள், நிறச் சிதறல்

உள்திரையில் மட்டும் வந்தால் கேபிள் அல்லது திரை. வெளித்திரையிலும், பயாஸ் பக்கத்திலும் அதே கோடுகள் வந்தால் கிராஃபிக்ஸ் சிப். விண்டோஸ் ஏறிய பிறகு மட்டும் வந்தால், பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) திறந்து, அந்தச் சிப்பை இயக்கும் நிரலான டிரைவரை நீக்கிப் பாருங்கள்.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. தனிச் சிப்பை பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ முடக்கிவிட்டு, செயலியோடு சேர்ந்த கிராஃபிக்ஸிலேயே ஓட்டுங்கள். விளையாட்டுகள் ஓடாது; எழுத்து வேலையும் வீடியோவும் தடையின்றி நடக்கும்.

போர்டை ஹீட் கன்னாலோ ஓவனிலோ சூடாக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். சூடாக்கியதும் படம் வருவது உண்மைதான். சில நாட்களிலோ வாரங்களிலோ அது திரும்பப் போவதும் உண்மை. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்களின் கோளாறுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தச் சிப்களில் பழுது இருந்தது உறைக்கு உள்ளே. சிப்புக்கு அடியில் போர்டோடு சேர்ந்த சாலிடரைச் சரிசெய்து பயனில்லை. சூடு பட்டதும் உள்ளிருக்கும் விரிசல் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இடையில் பிளாஸ்டிக் கனெக்டர்கள் உருகி, பிறகு புதுச் சிப் போடவும் வழியில்லாமல் போகும். சிப்பையே மாற்ற வேண்டும். இல்லையேல் முடக்கி ஓட்ட வேண்டும்.

## ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது

### சில நிமிடம் கழித்து, கனமான வேலையின்போது

வெப்பம். ஃபேன் சுற்றுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். வெப்பநிலை காட்டும் நிரல் ஒன்றைத் திறந்து வையுங்கள். 100 டிகிரி செல்சியஸை நெருங்கி அணைந்தால் காரணம் தெளிவு. வெப்பத்தகட்டையும் ஃபேனையும் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தூசி கம்பளித் துண்டு மாதிரி அடைத்திருக்கும். மேலிருந்து ஊதினால் போகாது. ஃபேனைக் கழற்றி உரித்துத்தான் எடுக்க வேண்டும். செயலியின் சூட்டை வெப்பத்தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதை ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக இடுங்கள். ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண்கள் பொறித்திருப்பார்கள். அந்த வரிசையில் முறுக்குங்கள்.

### நேரம் காலம் இல்லாமல்

பேட்டரியை எடுத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள். பிறகு பேட்டரியில் மட்டும். ஒன்றில் மட்டும் அணைந்தால் கோளாறு அந்தப் பக்கம். இரண்டிலும் அணைந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை யு.எஸ்.பி.யிலிருந்து இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமை மாற்ற வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் "கெர்னல்-பவர் 41" என்று இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். முறையாக மூடாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

### தூக்கினால், நகர்த்தினால்

ரேமையும் டிஸ்க் கனெக்டரையும் திரும்ப மாட்டுங்கள். அடியிலுள்ள ஸ்க்ரூக்களில் எவையேனும் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ இல்லாத மூலையில் போர்டு வளையும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மூலையை அழுத்தும்போது மட்டும் நின்றுவிட்டால், சாலிடரில் விரிசல் விட்டிருக்கிறது. தொழில்நுட்பரிடம் போகும் நேரம் இது.

## பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை

60 அல்லது 80 சதவீதத்தில் நிற்கிறதா? பேட்டரியின் ஆயுளைக் காக்கும் வரம்பு பயாஸிலோ லேப்டாப் நிறுவனத்தின் நிரலிலோ வைக்கப்பட்டிருக்கும். "அடாப்டர் அடையாளம் தெரியவில்லை" என்ற செய்தி வந்து லேப்டாப் மெதுவாகவும் ஓடினால், முன்னே சொன்ன நடு ஊசி உடைந்திருக்கும். வேறு அடாப்டரில் சோதியுங்கள். பிறகு பேட்டரி, பிறகு ஜாக். மூன்றும் மாற்றியும் ஏறாவிட்டால்தான் போர்டிலுள்ள சார்ஜிங் சிப்பைச் சந்தேகிக்கலாம்.

டச்பேடை அழுத்த முடியவில்லை, அடிமூடி புடைத்து மேசையில் ஆடுகிறது என்றால் பேட்டரி வீங்கிவிட்டது. உடனே அணையுங்கள், சார்ஜ் செய்யாதீர்கள், நெம்பாதீர்கள், குத்தாதீர்கள்.

## தேதி பின்னோக்கிப் போகிறது

நாணய பேட்டரி. மாற்றினால் முடிந்தது.

## டிஸ்க் தெரியவில்லை

டிஸ்க்கை யு.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கணினியில் மாட்டுங்கள். அங்கும் தெரியாவிட்டால் டிஸ்க் போய்விட்டது. தெரிந்தால், டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் தட்டையான கேபிளை மாற்றுங்கள். டிஸ்க் நலம் காட்டும் நிரலில், தரவு வழியில் சிதைவதைக் குறிக்கும் சி.ஆர்.சி. பிழைகள் ஏறிக்கொண்டே போவதும் கேபிளைத்தான் சுட்டும்.

## உள்ளே தண்ணீர் போய்விட்டது

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, அடாப்டரையும் பேட்டரியையும் பிரியுங்கள். "ஓடுகிறதா, பார்ப்போம்" என்று இயக்கும் அந்த ஒரு நொடிதான் போர்டைக் கொல்கிறது. ஈரத்தை விட, காய்ந்தபின் எஞ்சும் உப்பும் சர்க்கரையுமே செம்புக் கோடுகளை அரிக்கின்றன; ஆகவே உலர வைத்தால் மட்டும் போதாது. போர்டை வெளியே எடுத்து, பச்சையோ வெள்ளையோ பூத்த இடங்களை ஆல்கஹாலும் மெல்லிய தூரிகையும் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். அந்த அளவுக்குப் பிரிக்கத் தெரியாவிட்டால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கொண்டுபோனால் அரிப்பு சிப்களின் அடிவரை போயிருக்கும்.

## பழுது பார்க்கக் கொடுக்கும்போது

எந்தச் சோதனையில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போர்டைச் சோதிக்க உங்கள் கோப்புகள் தேவையில்லை. சிப்பை மாற்றுவீர்களா, சூடாக்கித் தருவீர்களா, முழு போர்டையே மாற்றுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். சூடாக்குவேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

போர்டு மாற்றுவது என்று முடிவானால், மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே மாடலில் பல போர்டுகள் இருக்கும்; பழைய போர்டின் ஸ்டிக்கரிலுள்ள பாக எண் பொருந்த வேண்டும். இன்டெல் நான்காம் தலைமுறைக்குப் பிறகு வந்த லேப்டாப்களில் செயலி போர்டோடு சாலிடர் செய்யப்பட்டே வருகிறது, ஆகவே செயலியும் சேர்ந்தே மாறும். பயன்படுத்திய போர்டு என்றால், முந்தைய உரிமையாளரின் பயாஸ் கடவுச்சொல் நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண் முன்னே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 8 முதல் உரிம எண் போர்டிலேயே பதிந்து வருகிறது. புது போர்டில் விண்டோஸ் மறுபடி உரிமம் கேட்கலாம், பிட்லாக்கரும் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். எழுதி வைத்த தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.